அங்கம்மா பாடுன ரெண்டாவது பிளேட்டு

எம் பொண்டாட்டி அங்கம்மாவப் பத்திப் பெருமையா சொன்னா, "ஊட்டுக்காரிய எவன்டா கொறச்சலா சொல்லுவான்"னு சிரிப்பீங்க. சிரிச்சிக்கோங்க. அதுக்காவ நான் கொறச்சிச் சொல்லப் போறதில்ல. அம்பத்தூர் எஸ்டேட்ல திருகாணி கம்பெனி ஒண்ணுல பேக்கிங் செக்சன்ல நிக்கிற பொம்பள அவ. கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனா எட்டுப் பாட்டு ஒரு பெரிய கறுப்பு ரிகார்டு பிளேட்டுல அவ கொரல்ல சுத்திகினு கீது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூணு ஊரையும் சல்லட போட்டு சலிச்சாலும் இன்னொருத்தி அப்டி கெடைப்பாளா, தேடிப் பாருங்க.

எம் பேரு மதுரைவீரன். ஆடி மாசம் கோவில்பதாகைப் பக்கம் பம்பை சத்தம் கேட்டீங்கன்னா அது நான்தான். மத்த மாசமெல்லாம் அதே கம்பெனியில லேத்துப் பட்டறை. கோவக்காரன்னு எனக்கு ஒரு பேரு கீது. அது சொம்மா வந்த பேரு இல்ல, ஒழைச்சி வாங்குன பேரு.

அங்கம்மா பொறந்தது முத்தாபுதுப்பேட்டையில. அவங்கம்மா கெங்கம்மா நடவுக்குப் போற கும்பல்ல ஒருத்தி. நடவுல ஒருத்தி அடி எடுத்துக் குடுக்கணும், மத்தவங்க அத்த வாங்கித் திருப்பிப் பாடணும். அடி எடுக்கற எடம் லேசுல கெடைக்காது, தலை நரைச்சவங்களே அதுக்குப் போட்டி போட்டுகினு நிப்பாங்க. அங்கம்மாவுக்குப் பதினாலு வயசுல கெடைச்சிது. பழசுல ரெண்டு வரி, சொந்தமா ரெண்டு வரின்னு அங்கயே கட்டிப் பாடுவா. அப்பால எஸ்டேட்டு வந்துச்சி, வயல்லாம் ஷெட்டாச்சி. "ஐயோ, வயலு போச்சே"ன்னு யாராச்சும் சொன்னா இவளுக்கு ஆவாது. "உன்னுதா போச்சி? எம் முதுகு நிமுந்துச்சி, நான் நின்னுகினு வேல செய்றேன்"னு சொல்லுவா.

கம்பெனியிலயும் வாய் சொம்மா இருக்கல. பெட்டியில திருகாணி வுழற தாளத்துக்குப் பாடுவா. சூப்பர்வைசரு மொதல்ல திட்டுனாரு. பாட்டு நின்ன அன்னிக்குப் பெட்டி கொறயுதுன்னு பாத்தாரு, அதுக்கப்பறம் தொண்டை கட்டிச்சின்னா அவரே மாத்திர வாங்கியாந்து குடுத்தாரு.

எங்க பாட்டு குரூப்பு உருவானதே ஒரு சண்டையில. அறுபத்தொம்பதாம் வருசம் ஆயுதபூஜை. எங்க கம்பெனியில எலக்ட்ரீசியன் லோகநாதன், ஆவடி ஆளு, எலக்ட்ரிக் கித்தார் வாசிப்பான். பெரம்பூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் தொரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறச்சே அவன்கிட்ட வுட்டுட்டுப் போன கித்தார் அது. மொதல்ல அவன் வாசிக்கணும், அப்பால நான் பம்பை அடிக்கணும்னு பேச்சு. மேனேஜரு சீக்கிரம் போவணுமாம், ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுங்கடான்னுட்டாங்க. அவன் என்னிய அமுக்கறதுக்காவ சவுண்ட ஏத்துனான். நான் அவன அமுக்கறதுக்காவ அடிச்சேன். காது கிழிஞ்சிது. பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து அங்கம்மா எழுந்து வந்தா, மைக்க தன் பக்கம் திருப்பிகினா, பாட ஆரம்பிச்சா. ரெண்டு பேருக்கும் வேற வழியில்ல, அவ பின்னாடி போனோம். பாட்டு முடிஞ்சப்ப மேனேஜரு வண்டி ஏறாம நின்னுகினு இருந்தாரு.

வெல்டர் நாகப்பன் ஜாஸ் டிரம்மோட சேந்தான். நாலு பேருமே மொத ஷிப்டு. ரெண்டாவது ஷிப்டு ஓடறப்ப சைக்கிள் ஸ்டாண்டுல பழகுவோம். அதனால குரூப்புக்குப் பேரு "செகண்ட் ஷிப்டு". பாட்டு எல்லாம் அங்கம்மா பாட்டு. கித்தார்ல மேல்நாட்டு அடி, கீழ பம்பை, நடுவுல நடவுப் பாட்டு. இன்னாடா கூத்து இதுன்னு வந்தவன்லாம் கால் ஆட்டாம போனதில்ல.

எழுவத்திரெண்டுல ரிகார்டு கம்பெனிக்காரரு ஒருத்தரு வந்தாரு. அய்யாசாமின்னு பேரு, வெள்ளச் சட்டையில ஒரு மடிப்பு கலையாத மனுசன். நல்லவருதான், ஆனா வாத்தியாராப் பொறக்க வேண்டியவரு. "ரெண்டு பாட்டு, சின்ன பிளேட்டா போடலாம். ஆனா இந்தப் பேச்சு கடையில விக்காது. ஊடு, கீடுன்னு வரக் கூடாது. வீடுன்னு சொல்லணும். ஒரு வாரத்துல சுத்தமாப் பழகிட்டு வாங்க"ன்னாரு.

பழக்கி வுடற வேலைய நான் எடுத்துகினேன். ஏன்னா குரூப்புல மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவன் நான்தான், மத்தவங்க அதுவும் இல்ல. லோகநாதன் இங்கிலீஸ் போர்டு படிப்பான், தமிழ் வராது. நான் ஒக்காந்து ரோசன பண்ணேன். ஊடு தப்பு, வீடு ரைட்டு. அப்ப "ஊ" வர்ற எடத்துல எல்லாம் "வீ" போட்டாச் சரியாப் பூடும். இதுல இன்னா கஷ்டம்?

பாட்டு இப்டி ஆரம்பிக்கும்: "ஊசி வாங்கித் தாயேன் மாமா, ஊருக்குப் போவும் போது." நான் திருத்துனேன். "வீசி வாங்கித் தாயேன் மாமா, வீருக்குப் போவும் போது."

அங்கம்மா நிறுத்துனா. "யோவ், ஊரு ஊருதானே?"ன்னு கேட்டா.

"ஊடு வீடாச்சின்னா ஊரு இன்னாத்துக்கு வீரு ஆவாது? படிச்சவன் நானா நீயா?"ன்னு கத்துனேன். அப்பால நான் சொன்னாப்லயே பாடுனா. அந்த வாரம் ரெண்டாவது ஷிப்டுக்கு மாறியிருந்த லோகநாதனும் நாகப்பனும் ஸ்டூடியோவுக்குப் போறன்னிக்குத்தான் அத்தக் கேட்டாங்க, வாயப் பொளந்துகினு. எங்களுக்கு அது ரொம்ப ஒசந்த தமிழாத்தான் பட்டுச்சி.

கோடம்பாக்கத்துப் பக்கம் ஸ்டூடியோ. ரிகார்டிங் என்ஜினீயரு வடக்கத்திக்காரரு, தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அய்யாசாமிக்கு அந்த நேரம் பாத்து போன் வந்துச்சி, வெளில போனவரு முடிஞ்ச அப்பறம்தான் வந்தாரு. எல்லாம் ஓகேன்னு என்ஜினீயரு கை காட்டுனாரு. பிளேட்டு அச்சாயி வந்துடிச்சி.

அப்பால பட்ட அவமானம் இருக்குதே. அம்பத்தூர் டீக்கடையில அந்தப் பாட்ட வெச்சி, "அது இன்னா ஊருய்யா வீரு, டிக்கெட்டு எங்க வாங்கணும்"னு ஒருத்தன் கேப்பான், கடையே சிரிக்கும். பேக்கிங் செக்சன்ல அங்கம்மாவக் கூப்டறதே "வீரக்கா"ன்னு ஆயிடுச்சி. ஒருத்தி கிழிஞ்ச ரவிக்கைய நீட்டி, "வீசி வெச்சிக்கீறியாக்கா"ன்னு கேட்டாளாம். அவ அன்னியிலேர்ந்து கம்பெனியில பாடறத நிறுத்துனா. பெட்டி கொறஞ்சிது. சூப்பர்வைசரு மாத்திர வாங்கியாந்தாரு, அவ வாங்கல.

அய்யாசாமி எங்கள கூப்ட்டு வெச்சி, "இதை யாரு சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டாரு. பம்பை அடிச்சி சாமிய எறக்கறவன், பட்டறையில முதலாளிய எதுத்துப் பேசறவன், அன்னிக்குத் தரையப் பாத்துகினு நின்னேன். அங்கம்மா சொன்னா, "என் வாய் தவறிப் பூட்ச்சி சார்." அவ்ளோதான். லோகநாதனும் நாகப்பனும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு தெரிஞ்சே காட்டிக் குடுக்காம இருந்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்டி இல்ல. நான் பழக்குன வாரம் அவனுங்க கூட இல்லல்ல, அவளே அந்த மாத்தத்தக் கொண்டாந்தான்னு அவனுங்க நெசமாவே நம்பிகினு இருந்தானுங்க. நானும் நம்பட்டும்னு வுட்டேன். ரெண்டு வருசம். ஊட்ல அவ ஒரு வாட்டி கூட அத்தப் பேசல. பேசியிருந்தா நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவ பேசவே இல்ல.

எழுவத்தி நாலுல அய்யாசாமி மறுபடி வந்தாரு. மொதப் பிளேட்டுல பாட்ட வுட்டுட்டு கித்தாரும் பம்பையும் மோதிக்கிற எடத்த காலேஜ் பசங்க திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கறாங்களாம். இந்த வாட்டி எட்டுப் பாட்டு, பெரிய பிளேட்டு. எட்டும் அங்கம்மா கட்டுன பாட்டுதான் வோணுமாம். ஆனா பாடறதுக்கு வேற பொண்ணு. பார்வதம்னு, முறையா சங்கீதம் படிச்சவங்க. "அங்கம்மா பின்னாடி நின்னு கை தட்டட்டும். தப்பா எடுத்துக்காதீங்க, மறுபடி அந்த மாதிரி ஆயிடக் கூடாது"ன்னாரு.

நான் எகிறுனேன். "எட்டுப் பாட்டு அவுளுது, வாய் மட்டும் வேற ஒருத்தியுதா? இன்னா சார் நாயம்?" அங்கம்மா என் சட்டையப் புடிச்சி ஒக்கார வெச்சா. "நான் கை தட்றேன் சார்"னா. ஊட்டுக்கு வந்து அடுப்பு பத்த வெச்சவ, பத்தின அப்பறமும் ஊதிகினே இருந்தா. கண்ணு சிவந்துகினு இருந்துச்சி. பொகைன்னு சொன்னா. நான் நம்புனாப்ல இருந்தேன்.

ரிகார்டிங் அன்னிக்குக் காலையில பத்து மணிக்கே போயிட்டோம். பார்வதம் சின்ன வயசு, மூக்குத்தி, கையில எழுதுன தாளு. நல்ல கொரலு, பொய் சொல்லக் கூடாது. மொதப் பாட்டு எங்க குரூப்புக்கே உசுரான பாட்டு. பட்டணம் பூரா எதையோ தேடிகினு அலையற புருசன ஒருத்தி கிண்டல் பண்றா:

பட்டணம் பூரா சுத்திகினு
இன்னாத்த மாமே தேடுற?
கட்டிப் போட்ட கன்னுக்குட்டி
ஊட்ல கீது மாமே, ஊட்ல கீது.

அய்யாசாமி எழுதுன தாளுல அது இப்டி மாறியிருந்துச்சி: "வீட்டில் இருக்கிறது மாமா, வீட்டில் இருக்கிறது."

இங்கதான் பேஜார். "ஊட்ல கீது"ன்றது பம்பையில நாலு அடி. டும்முனு அடிச்சி முடிச்சாச் சொல்லும் முடிஞ்சிடும். "வீட்டில் இருக்கிறது" முடியவே இல்ல. நான் நாலு அடி அடிச்சிட்டு நிக்கிறேன், வார்த்த இன்னும் பஸ்ஸு பின்னாடி ஓடி வர்றவனாட்டம் வந்துகினே கீது. சரின்னு நான் மெதுவா அடிச்சேன். கித்தார் தூங்கிச்சி. நாகப்பன் வேகமா தட்டுனான். அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்கிச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு டேக்கு. ஆறாவதுல என்ஜினீயரு கண்ணாடிக்கு அந்தாண்ட கை தூக்கி நிறுத்துனாரு. கை தட்டு கேக்கலன்னு சைகை காட்டுனாரு.

அய்யாசாமி உள்ள வந்தாரு. "ஏம்மா தட்டலை?"

அங்கம்மா ரெண்டு கையையும் அப்டியே புடிச்சிகினு நின்னா. "எங்க தட்றதுன்னு தெர்ல சார். வார்த்த முடியவே மாட்டேங்குது."

பார்வதம் தாள மடிச்சி வெச்சாங்க. "நீங்க எப்படிப் பாடுவீங்கன்னு ஒரு தடவை பாடிக் காட்டுங்களேன்"னு கேட்டாங்க. அய்யாசாமி உடனே, "வேணாம், அவங்க உச்சரிப்பு சரி வராது. போன தடவை ஊர் சிரிச்சுதே, மறந்துட்டியா லோகநாதா"ன்னாரு. லோகநாதன் கித்தார் கம்பிய முறுக்கினான். அங்கம்மா தலை குனிஞ்சா. எனக்கு எதுத்தாப்ல, எங் கண்ணு முன்னால.

எனக்கு வந்த கோவம் வாழ்க்கையில வந்ததில்ல. அய்யாசாமி மேல இல்ல. பம்பைய கழுத்துலேர்ந்து எறக்கி வெச்சேன்.

"சார், அந்த வீரும் வீசியும் அவ பண்ண தப்பில்ல. ஊரு ஊருதானேன்னு அவ கேட்டா. நான்தான் பெரிய படிப்பாளி கணக்கா கத்தி அவ வாய மாத்துனேன். நீங்க கேட்டன்னிக்கு வாய மூடிகினு இருந்தேன். ரெண்டு வருசமா அவ தலையில போட்டுட்டு நான் மீச முறுக்கிகினு திரிஞ்சிகினு கீறேன். அவ வாயில தப்பே கெடையாது. அவ பேச்ச திருத்தப் போன நான்தான் சோமாரி."

நாகப்பன் டிரம் குச்சிய கீழ போட்டான். "டேய், நீயாடா?"ன்னு லோகநாதன் கேட்டான். நான் தலையாட்டுனேன்.

அங்கம்மா என்னியப் பாக்கல. நேரா மைக்கு கிட்ட போனா. "எடு பம்பைய"ன்னா.

எடுத்தேன். பாடுனா. அத்த நான் எப்டிச் சொல்றது. ரெண்டு வருசமா பூட்டி வெச்ச கொரலு. "இன்னாத்த மாமே தேடுற"ன்னு அவ கேட்டப்ப என்னியத்தான் கேக்கறான்னு பட்டுச்சி. "ஊட்ல கீது"ன்னு நாலு அடி அடிச்சேன், சொல்லும் அடியும் பூட்டும் சாவியுமா ஒக்காந்துச்சி. லோகநாதன் தன்னால எகிறினான். தமிழ் தெரியாத என்ஜினீயரு பென்சில மேசையில தட்டிகினு இருந்தாரு. அவரு மிஷின ஓட வுட்டுட்டுத்தான் தட்டுனாருன்றது அப்பறம்தான் தெரிஞ்சிது.

முடிஞ்சதும் அய்யாசாமி கண்ணாடியத் தொடச்சிகினாரு. "நல்லா இருக்கு. ஆனா கொச்சையா இருக்கேம்மா"ன்னாரு.

அங்கம்மா பேசுனா. அவ இவ்ளோ பேசி நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல. "சார், நீங்க கூப்ட்டது எம் பாட்டத்தான? எம் பாட்டுல ஒருத்தி புருசன கிண்டல் பண்றா. புருசன எவ சார் இருக்கிறது, போகிறதுன்னு கிண்டல் பண்ணுவா? எனக்குப் பாடத் தெரியும். வேற ஒருத்தியாட்டம் பேசத் தெரியாது, ஒரு வாட்டி பேசிப் பாத்துட்டு சிரிப்பா சிரிச்சிப் பூட்டேன். எம் வாயாலயே எட்டையும் பாடறேன். வாணாம்னா எட்டையும் திருப்பிக் குடுங்க, நான் ஊட்டுக்குப் போறேன்."

அய்யாசாமி பார்வதத்தப் பாத்தாரு. அந்தப் பொண்ணு மகராசி. "சார், இந்தப் பாட்டுக்கு எனக்கு வாய் கிடையாது. அவங்களே பாடட்டும்"னு சொல்லிட்டு, முந்தானைய இடுப்புல சொருகிகினு அங்கம்மா நின்ன எடத்துல போய் நின்னாங்க. "எங்க தட்டணும்னு சொல்லுங்க"ன்னு அங்கம்மாகிட்ட கேட்டாங்க. எட்டுப் பாட்டுக்கும் அவங்கதான் கை தட்டுனாங்க. அந்தத் தட்ட பிளேட்டுல இன்னிக்கும் கேக்கலாம், ஒரு எடத்துலயும் தப்பாது.

"கடைக்காரன் வாங்கலைன்னா என்னைக் கேக்கக் கூடாது"ன்னு அய்யாசாமி சொன்னாரு. சொல்லிட்டு அடுத்த பாட்டுக்கு அவரே தாள கிழிச்சிப் போட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள எட்டும் முடிஞ்சிது.

திரும்பி வர்றப்ப ஆவடி ஸ்டேசன்ல எறங்கி நடந்தோம். நான் ஏதோ மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சேன். "சொல்லிட்டல்ல, வுடு. ரெண்டு வருசம் லேட்டு"ன்னா. அப்பால கொஞ்ச தூரம் போயி, "எல்லாரு முன்னாடியும் சொன்ன பாரு, அது எனக்குப் புடிச்சிது"ன்னா. நான் பம்பைய இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாத்திகினே வந்தேன்.

பிளேட்டு பொங்கலுக்கு வந்துச்சி. மொதப் பிளேட்டுல "குழுவினர்"னுதான் போட்டிருந்தாங்க. இதுல "பாடியவர்: அங்கம்மா"ன்னு போட்டிருந்தாங்க. நான் எழுத்துக் கூட்டி படிச்சிக் காட்டுனேன். "இன்னொரு வாட்டி"ன்னா. படிச்சேன். பேக்கிங் செக்சன்ல மறுநாளே பாட்டு ஆரம்பிச்சிடுச்சி, பெட்டியும் ஏறிடுச்சி. எங்க ஊரு சவுண்டு செட்டுக்காரன் காதுகுத்துக்கும் போட்டான், மஞ்சத் தண்ணிக்கும் போட்டான். என்னிய கேட்டீங்கன்னா நான் நெஞ்ச நிமுத்திகினு நடந்தேன். இன்னும் நிமுத்திகினுதான் நடக்கறேன், எவனுக்கு இன்னா.

ஆனா ஒண்ணு சொல்றேன், பிளேட்டுல பேரு வந்தது பெருசில்ல. சித்திரையில வேலப்பன்சாவடியில ஒரு கண்ணாலத்துக்குப் போனோம். பூந்தமல்லி பஸ்ஸுல ஒரே நெரிசல். அங்கம்மாவுக்குப் பொம்பளைங்க சீட்டுல எடம் கெடைச்சிது, நான் பின்னாடி நின்னுகினு இருந்தேன். முன்னாடி நாலஞ்சு பொம்பளைங்க, பூ கட்டி விக்கறவங்க, கூடைய மடியில வெச்சி கட்டிகினே பாடிகினு வந்தாங்க. எங்க பாட்டு. பாடுனது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, பக்கத்துலயே ஒக்காந்துகினு கீறான்னும் தெரியாது. "இன்னாத்த மாமே தேடுற"ன்னு ஒருத்தி எடுத்தா, மத்தவங்க வாங்குனாங்க.

அங்கம்மாவும் கூடச் சேந்து பாடுனா. வேணும்னே பண்ணாளா, நெசமாவே வாய் தவறிச்சான்னு கேட்டா இன்னி வரைக்கும் எனக்குச் சொல்ல மாட்டா. "வீட்ல இருக்குது மாமா"ன்னு பாடுனா.

பூக்காரம்மா ஒருத்தி கட்டறத நிறுத்திட்டுத் திரும்புனா. "அப்டி இல்லக்கா. அது தப்பு. 'ஊட்ல கீது.' ரிகார்டுல அப்டித்தான் கீது, தெரியாதா ஒனக்கு?"

"தெரியாதும்மா. எப்டி, இன்னொரு வாட்டி சொல்லு"ன்னா அங்கம்மா.

"ஊட்ல கீது மாமே, ஊட்ல கீது"ன்னு அவ பொறுமையா, ஒண்ணொண்ணா நிறுத்திச் சொல்லிக் குடுத்தா. எம் பொண்டாட்டி கொழந்தையாட்டம் அவ வாயப் பாத்துகினே திருப்பிச் சொன்னா.

"இப்பத்தான் சரியாச் சொல்ற"ன்னு அந்தப் பொம்பள தலையாட்டிட்டு, மறுபடி பூ கட்ட ஆரம்பிச்சா.